பனிக்கு ஒரு பழைய கார்

கனடாவில் மான்ட்ரியலில் இருக்கும் அக்கா மகன் பழைய கார் பார்க்கிறான். தினமும் வேலைக்குப் போக. "மாமா, ஆல் வீல் டிரைவ்தான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றான். நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி அது. இருந்தால் நல்லதுதான் மக்ளே. ஆனால் அது வண்டி கிளம்பத்தான் உதவும். பிரேக் பிடித்தால் நிற்பது டயர் கையில். பனிக்கால டயரின் ரப்பர் குளிரில் இறுகாது. மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஆல் வீல் டிரைவ் இல்லாமல் மிச்சப்படுத்தும் காசை டயரில் போடு என்றேன்.

அதிகம் பேசியது துருவைப் பற்றி. அங்கே ரோட்டில் பனி உருக உப்புப் போடுகிறார்கள். அது தண்ணீரோடு அடியில் தெறித்துத் தகட்டைத் தின்னும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் கிடந்த வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மேலே பாலிஷ் மின்னும், அடியில் தகடு பொரிந்திருக்கும். அதனால் வண்டியைத் தூக்கிவைத்து பிரேக் பைப், சஸ்பென்ஷன் மாட்டும் இடம், கதவுக்குக் கீழ் விளிம்பு எல்லாம் பார்க்கணும். அடியில் புதுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம், வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்கணும். முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் பேட்டரியின் லட்சணம் தெரியாது. கடும் குளிரில் அதன் பலம் வெகுவாகக் குறையும். ஹீட்டரையும் போட்டுப் பார்க்கணும், கோடைக்காலமாக இருந்தாலும்.

அக்காவுக்கு ஒரே நிபந்தனை: வெள்ளைக் கலர் கூடாதாம், பனியில் கண்ணுக்குத் தெரியாதாம். நியாயம்தானே!