கோர்சேர் மேல் அழுக்கு எங்கிருந்து வந்தது?

1/72 அளவில் செய்யும் விமான மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் ஏழு சென்டிமீட்டருக்கும் மேல். தூரிகை நுனியை வெள்ளிப் பெயின்டில் முக்கி, இறக்கை விளிம்பில் ஒரு பொட்டு வைத்தால், அந்த இடத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். அப்படிப் பத்து இருபது பொட்டு வைத்த விமானம் பறந்து வந்ததாகத் தெரியாது, காயலான் கடையிலிருந்து எடுத்து வந்ததாகத்தான் தெரியும். அதனால் பழசாக்கும் வேலையில் நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கறையை யார் உண்டாக்கியது? வெயிலா, புகையா, பூட்ஸ் காலா? பதில் கிடைக்காத கறையை வைப்பதில்லை.

இப்போது மேசையில் இருப்பது எஃப்4யு-1ஏ கோர்சேர் என்ற இரண்டாம் உலகப் போர்க்காலப் போர் விமானத்தின் மாடல். 1943 கடைசியில் பசிபிக்கின் சாலமன் தீவுகளில் அமெரிக்க மரைன் படையினர் ஓட்டிய வகை. இறக்கை நுனிக்கு நுனி பதினேழு சென்டிமீட்டர் சொச்சம். ஒட்டுகிற வேலை பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லா மாடல் கிட்டிலும் இருப்பதுதான். நேராகப் பெயின்டுக்கு வந்துவிடுகிறேன்.

அந்தக் காலத்துக் கடற்படை வண்ணம் மேலே கரும் நீலம், பக்கவாட்டில் நடுத்தர நீலம், அடியில் வெள்ளை. மடக்கும் இறக்கை என்பதால் வெளிப்பகுதியின் அடிப்பக்கம் மட்டும் வெள்ளை இல்லை, நடுத்தர நீலம். இறக்கையை மடக்கி நிறுத்தினால் அந்த அடிப்பக்கம்தானே வெளியே தெரியும்! ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கோடு கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று கரையும். அதை டேப் ஒட்டாமல், காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷாலேயே செய்துவிடலாம். 0.2 மி.மீ. நாசில், 15 பி.எஸ்.ஐ.க்குக் கீழே காற்றழுத்தம், பாலைப் போல நீர்த்த அக்ரிலிக் பெயின்ட் போதும்.

முதலில் பேனல் கோடுகள், அதாவது தகடுகள் சேரும் கோடுகள், மேலெல்லாம் கருப்பு அடித்துவிட்டு அதற்கு மேல் நிறம் பூசும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. ஒவ்வொரு கட்டமும் ஒரே அளவு ஓரம் கறுத்து, நடுவில் வெளுத்து நிற்கும். வெயில் என்ன பேனல் பார்த்தா அடிக்கும்? பசிபிக் வெயில் அந்த நீலத்தை மேலிருந்து மொத்தமாக வெளுக்க வைத்தது. மேல்பரப்பில் அதிகம், பக்கவாட்டில் குறைவு, அடியில் ஏறக்குறைய இல்லை. அடிப்படை நீலத்தில் கொஞ்சம் வெளிர் சாம்பலும் துளி மணல் நிறமும் கலந்து, ஒழுங்கில்லாமல் கிறுக்குவது போல அடிக்கிறேன். வெறும் வெள்ளை மட்டும் கலந்தால் பொம்மை நீலமாகிவிடும். கடைசியில் மூல நிறத்தையே இன்னும் நீர்க்கக் கரைத்து மேலே ஒரு மெல்லிய படலம் விட்டால், கிறுக்கல் எல்லாம் அடங்கிவிடும்.

கோர்சேரில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வெளி இறக்கையில் முதன்மைக் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் இருப்பது தகடு இல்லை, துணி. வால் பக்கத்துச் சுக்கானும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் துணி போர்த்தியவை. இறக்கையில் விமானத்தைச் சாய்க்கும் மடிப்பான அய்லரான் மரம். துணி உரிந்தால் உள்ளே அலுமினியம் எப்படித் தெரியும்? ஆனாலும் அந்த இடத்தில் வெள்ளி மினுங்கும் மாடல்களை அடிக்கடி பார்க்கிறேன். துணிப் பகுதி வெளுப்பதும் வேறு மாதிரிதான். அதனால் அந்தப் பரப்புகளுக்கு மட்டும் சற்று மாறிய நீலம் கலந்துகொண்டேன். டேப் ஒட்டி மறைத்து அடித்ததில், வெளிச்சம் படும் கோணத்தைப் பொறுத்து எல்லை தெரிவதும் மறைவதுமாக இருக்கிறது. அந்த அளவே போதும்.

அப்புறம் மூக்குப் பக்கம். எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவில் 237 அமெரிக்க கேலன் பிடிக்கும் பெட்ரோல் தொட்டி, அதாவது ஏறக்குறைய 900 லிட்டர். அதன் மேல்தகடுகளின் இணைப்பு வழியாகக் கசிகிற பெட்ரோல் காற்றோடு வந்து முன்கண்ணாடியில் படியும். அதனால் களத்தில் இருந்தவர்கள் இணைப்புகள் மேல் நாடா ஒட்டினார்கள். பழைய புகைப்படங்களில் விமானி அறைக்கு முன்னால் தெரியும் வெள்ளைப் பட்டைகள் அவைதான். ஐந்து சென்டிமீட்டர் அகல நாடா என்றால் மாடலில் 0.7 மி.மீ. இரண்டு மாஸ்கிங் டேப்புக்கு நடுவில் அந்த இடைவெளி விட்டு, மங்கல் வெள்ளையைத் தொட்டும் தொடாமலும் அடித்தேன். கையால் ஒட்டியதல்லவா, ஒன்றிரண்டு பட்டை கொஞ்சம் கோணலாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அமெரிக்க விமானங்களின் நட்சத்திரச் சின்னத்தின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை சேர்ந்தது 1943 ஜூனில். சிவப்பு விளிம்போடு வந்தது, சில மாதங்களில் நீல விளிம்பாக மாறியது. களத்தில் இருந்த விமானங்களில் இதையெல்லாம் அங்கேயே திருத்தினார்கள். அதனால் சின்னத்தைச் சுற்றி வெளுக்காத புது நீலம் திட்டாக இருக்க நியாயம் உண்டு. டீகால் (சின்னம் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் கரும் நீலத்தை அடித்துவைத்தேன். இந்த மாடலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

டீகாலுக்கு முன்னும் பின்னும் பளபள வார்னிஷ். இது இல்லாமல் வாஷ், அதாவது கோடுகளை எடுத்துக்காட்ட விடும் நீர்த்த பெயின்ட், ஓடாது. வழுவழுப்பான பரப்பில் எனாமல் வாஷைக் கோட்டின் ஒரு முனையில் தொட்டால் போதும், அதுவே கோடு நெடுக ஓடிவிடும். பளபளப்பில்லாத மேட் பரப்பில் அங்கேயே ஊறிக் கறையாகிவிடும். நீலத்துக்கு மேல் கறுத்த பழுப்பு, வெள்ளைக்கு மேல் நடுத்தரச் சாம்பல். கருப்பு எதற்கும் வேண்டாம். காய்ந்ததும் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தின்னர் தொட்டு, காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். துடைப்பில் தங்குகிற மெல்லிய இழுப்பும் அழுக்காகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

மேட் வார்னிஷ் அடித்து முடித்த பிறகுதான் சிப்பிங், அதாவது பெயின்ட் பெயர்ந்த தடங்கள். ஸ்பாஞ்சின் ஒரு கிள்ளலை எடுத்து, பெயின்டில் ஒற்றி, முக்கால்வாசியைக் காகிதத்தில் துடைத்துவிட்டுத் தொடுவேன். முதலில் பெயின்டுக்கு அடியில் இருக்கும் பிரைமரின் மஞ்சள் சாயல், அதற்குள் அங்கங்கே மட்டும் அலுமினியம். அதுவும் பவளக்கல் ஓடுபாதையின் பொடி வந்து அறையும் முன்விளிம்பிலும், ஆட்கள் ஏறி இறங்கும், இறக்கை உடலோடு சேரும் இடத்திலும்தான்.

புகைக்கறை எஞ்சினின் கீழ்ப்பக்கத்திலிருந்து கிளம்பி உடலின் அடியோடு பின்னால் போகும். அகலமாகக் கரும்பழுப்பு, அதன் நடுவில் ஒல்லியாக வெளிர் சாம்பல் என்று இரண்டு அடுக்காக அடித்தால் சரியாக வருகிறது. சக்கரங்களுக்கும் அவற்றின் கதவுகளுக்கும் பவளப்பொடி: வெளிர்ச் சாக்பீஸைச் சீவி, தூரிகையால் ஒற்றினேன். அதற்கு மேல் வார்னிஷ் பட்டால் பொடி பாதி காணாமல் போகும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். யாராவது எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டால், இறக்கை நுனியை மட்டும் பிடிக்கச் சொல்கிறேன்.