மெழுகுதிரியில் எரிவது எது?

தொண்ணூறுகளில் மின்சாரமின்றி யாழ்ப்பாணத்தில் படித்த எங்கள் வகுப்புக்குச் சுவாலை புதிதன்று. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கின் முன்னே உயர்தரப் பாடங்களைப் படித்தவர்களே இன்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையில் பலர். அதனால்தானோ என்னவோ, எங்கள் இரசாயன ஆசிரியர் தகனம் என்ற பாடத்தைத் தொடங்கிய நாளில், அக்காலத்தில் கிடைத்தற்கரிய மெழுகுதிரியொன்றை மேசையில் ஏற்றிவைத்து, "இதில் எரிவது எது?" என்று கேட்டார்.

விடை சொல்ல எவரையும் விடாமல் அவரே அதனை ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெண்புகை மேலெழ, எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல் சற்று மேலே அப்புகையில் பிடித்தார். தீ புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொண்டது. குளிர்ந்து ஒடுங்கிய மெழுகாவியே அவ்வெண்புகை. உருகிய மெழுகு மயிர்த்துளை எழுச்சியால் (நுண்ணிய இடைவெளிகளில் திரவம் தானாக மேலேறுவதால்) திரியில் ஏறி, வெப்பத்தால் ஆவியாகி, அந்த ஆவியே ஒட்சிசனுடன் சேர்ந்து எரிகிறது என்பதை அதன் பின்னரே கரும்பலகையில் எழுதினார். திரியைச் சூழ்ந்த இருண்ட பகுதியில் ஒடுங்கிய கண்ணாடிக் குழாயொன்றின் முனையைச் செருகி, மறுமுனையில் வெளிவந்த ஆவியையும் பற்றவைத்தார். 1860ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் இலண்டன் ரோயல் நிறுவனத்தில் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் பரடே தொடங்கிய சொற்பொழிவுகளில் சிறுவர்களுக்குக் காட்டிய சோதனைகள் இவை என்பதைப் பிற்காலத்திலேயே அறிந்தேன்.

சுவாலையில் மஞ்சள் ஒளியைத் தருபவை, இன்னும் எரிந்து முடியாமல் வெப்பத்தால் ஒளிரும் காபன் துணிக்கைகள். வெண்பீங்கானை அங்கே பிடித்தால் கரி படியும். ஜாம் போத்தல் விளக்கு எங்கள் மூக்கைக் கறுப்பாக்கியதும் இக்கரியே. இங்கே குளிரூட்டியின் காற்றுப் படுமிடத்தில் மெழுகுதிரி புகைவதற்கும், சுவாலை குலைந்து காபன் எரியுமுன் வெளியேறுவதே காரணம்.

பரபின் மெழுகு 1 கிராம் எரிந்தால், அதன் ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்த்துக்கொள்வதால், ஏறத்தாழ 1.3 கிராம் நீர் உண்டாகும். சுவாலைக்கு மேல் குவளையைக் கவிழ்த்து இதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த குவளை, சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மெழுகுதிரி இல்லாமலே வியர்த்துவிடும். ஆகையால் அறை வெப்பநிலையிலுள்ள, நன்கு துடைத்த குவளையே வேண்டும். கண்ணாடி சூடேறியதும் உட்புற மங்கல் மறைந்துவிடுமாதலால், பிள்ளைகளை முன்கூட்டியே மேசையருகே அழைத்துக்கொள்ளுங்கள்.