பதினாறாம் படியிலிருந்து ஆறாம் படிக்கு

எங்கள் வீட்டில் ஆசிட் என்றால் அது ரப்பருக்கு ஊற்றும் பார்மிக் அமிலம்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்தை அடுத்த எங்கள் ஊரில் அப்பா விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார். சிரட்டைகளில் ஊறிய பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து, அரித்து, தண்ணீர் கலந்து, அலுமினியத் தட்டுகளில் ஊற்றி, அளந்து எடுத்த அமிலத்தைச் சேர்த்துக் கிளறி வைத்தால் மறுநாள் அது வெள்ளைப் பாளமாக உறைந்திருக்கும். அதை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைப்புரையில் தொங்கவிட்டால் தேன் நிறத்துக்கு வரும். அமிலத்தை அளக்கும்போது மட்டும் அப்பா யாரோடும் பேசமாட்டார். ரப்பர் என்பது ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் அலகுகளின் நீண்ட சங்கிலி என்பதையும், இஞ்சி, சந்தனம் ஆகியவற்றின் மணத்துக்குக் காரணமான டெர்பீன்கள் பலவும் அதே ஐந்து கார்பன் கணக்கில் செடிக்குள் கட்டப்படுகின்றன என்பதையும் இளங்கலை மூன்றாம் ஆண்டில் படித்தபோது, வீட்டுத் தோட்டத்தையே பாடப்புத்தகத்தில் பார்த்தது போல இருந்தது. பின்னர் நான் முனைவர் பட்டத்துக்காகத் தொகுத்ததும், அதாவது எளிய பொருள்களிலிருந்து ஆய்வகத்தில் கட்டி எடுத்ததும், ஒரு டெர்பீன்தான்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். 2003-இல் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் வேதியியல் சேர்ந்தபோது ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. கரிம வேதியியலில் நான் நிலைத்ததற்குக் காரணம் அங்கே பாதிப் பாடம் படங்களாக இருந்ததுதான். முதுகலையில் எங்கள் பேராசிரியர் ஒரு நாள் எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னினைக் கரும்பலகையில் வரைந்தார். எங்கள் பக்கத்தில் காஞ்சிரம் என்று சொல்கிற அந்த மரம் எங்கள் ஊர்க் காவின் ஓரத்திலேயே நிற்கிறது. ஸ்ட்ரிக்னினை 1818-இல் முதலில் பிரித்தெடுத்தவர்கள் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லெட்டியேரும் கவாந்துவும். ஏழு வளையங்கள் பின்னிக்கிடக்கும் அதன் அமைப்பு உறுதியாவதற்கு 1940-களின் பிற்பகுதி வரை ஆனது. 1954-இல் அமெரிக்க வேதியியலாளர் உட்வர்ட் அதை ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டினார். 21 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் மட்டுமே கொண்ட ஒரு மூலக்கூறுக்கு 136 ஆண்டுகள் ஆயின என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் சாக்பீஸை வைத்தார். இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று அன்று மாலை பேருந்தில் வரும்போது முடிவு செய்தேன்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் முதல் முறை இயற்பிய வேதியியல் என்னைக் கவிழ்த்தது. இரண்டாம் முறை திருவனந்தபுரத்தில் எழுதி ஜேஆர்எஃப் என்னும் அந்த உதவித்தொகையைப் பெற்றேன். அப்போது இரண்டாம் தாளை விரித்து எழுத வேண்டியிருந்தது. 2011 முதல் அது மூன்று பகுதிகளும் 200 மதிப்பெண்ணும் கொண்ட ஒரே தாளாகிவிட்டது. அதில் மூன்றாம் பகுதியின் 60 கேள்விகளில் 25-க்கு மட்டும் விடையளித்தால் போதும் என்பதால், கரிம வேதியியலை ஆழமாகப் படித்தவர்களுக்கு இன்றைய முறை சாதகமானது என்றே நினைக்கிறேன். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் ஜேஆர்எஃப், அடுத்த மூன்று ஆண்டுகள் எஸ்ஆர்எஃப் என ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கும். 2023-இலிருந்து அது முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய். நான் சேர்ந்த காலத்தில் அதில் பாதிகூட இல்லை.

2009 ஜூலையில் ஹைதராபாத்தில் ஒரு ஆய்வகத்தில் சேர்ந்தேன். எனக்குக் கொடுக்கப்பட்டது ஒரு கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, பதினைந்து கார்பன் கொண்ட செஸ்குவிடெர்பீன். ஐசோப்ரீன் கணக்கில் பார்த்தால் மூன்றே அலகுகள். இத்துறையில் யாரும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. இறுதி மூலக்கூறை வரைந்துவைத்து, எந்தப் பிணைப்பை வெட்டினால் எளிய பொருள் கிடைக்கும் என்று பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். இந்த முறையை வகுத்ததற்காகத்தான் அமெரிக்க வேதியியலாளர் ஈ.ஜே. கோரிக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. என் மூலக்கூறைப் பின்னோக்கிப் பிரித்தபோது புதினா வகை ஒன்றின் எண்ணெயில் கிடைக்கும் கார்வோனில் வந்து நின்றேன். தாளில் பதினேழு படிகள்.

மாணவர்கள் இந்தத் துறைக்கு வருமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வினையில் 80 சதவீத விளைச்சல் கிடைத்தால் அது நல்ல வினை. பதினேழு படிகளிலும் அதே 80 கிடைத்தால் கடைசியில் மிஞ்சுவது சுமார் 2.25 சதவீதம். ஒவ்வொரு படியும் 70-க்கு இறங்கினால் 0.23 சதவீதம், அதாவது பத்தில் ஒரு பங்கு. வேம்பின் அசாடிராக்டினை 2007-இல் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டீவன் லேயின் குழு தொகுத்து முடித்தபோது அந்தப் பணி தொடங்கி 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 71 படிகள், மொத்த விளைச்சல் 0.00015 சதவீதம். வீட்டு முற்றத்தில் ஒரு கை வேப்பங்கொட்டையைப் பொறுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வருகின்றன.

நான் 15 கிராம் கார்வோனில் தொடங்கினேன். மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 தொடக்கத்தில், பதினாறாம் படிப் பொருள் 90 மில்லிகிராம் கையில் இருந்தது. ஒரு சிறிய குப்பியின் அடியில், சாய்த்தால் மெதுவாக வழியும் நிறமற்ற எண்ணெய். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஆறாம் படியில் ஒரு ஆல்கஹால் தொகுதிக்குப் போர்த்திவிட்டிருந்த மெத்தாக்சிமெத்தில் என்னும் காப்பை எடுத்துவிட வேண்டும். நடுவில் இருந்த வலிய காரங்களையெல்லாம் தாங்கும் என்பதற்காகவே அந்தக் காப்பைத் தேர்ந்திருந்தேன். அதை நீக்க அமிலம் வேண்டும்.

ஐந்து மில்லிகிராம் எடுத்து, மெத்தனாலில் கரைத்து, ஒரு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தேன். அரைமணி நேரத்தில், கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தட்டில் பழைய ஸ்பாட் மறைந்து புதிது ஒன்று வந்திருந்தது. காப்பு நீங்கி ஆல்கஹால் வெளிப்பட்டால் ஸ்பாட் கீழே இறங்க வேண்டும். இதுவோ மேலே ஏறியிருந்தது. அனிசால்டிஹைடு கரைசலில் தோய்த்துச் சூடாக்கியபோது, அதுவரை ஊதாவாகத் தெரிந்த பொருள் பழுப்பாக எரிந்தது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனையை எடுக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. மூலக்கூறின் மறுபக்கம் இரட்டைப் பிணைப்பை ஒட்டி இருந்த மூன்றாம் நிலை ஆல்கஹால், அமிலம் பட்டதும் நீராகக் கழன்று போய்விட்டது. காப்பு மட்டும் அப்படியே இருந்தது. வேறு அமிலங்கள், குறைந்த வெப்பநிலை, லூயிஸ் அமிலங்கள் என்று பதினொரு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து ஐந்து மில்லிகிராமாகச் செலவழித்தேன். எல்லாவற்றிலும் நீர்தான் முதலில் கழன்றது.

வழிகாட்டியின் அறைக்குத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "மிச்சத்தைத் தொடாதீங்க. ஆறாம் படியில காப்பை மாத்துங்க" என்றார். சிலிக்கன் கொண்ட காப்பாக இருந்தால் புளோரைடு போதும், அமிலம் வேண்டாம் என்பது பாடநூலில் உள்ள செய்தி. அதை முதலிலேயே ஏன் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அப்போது பத்தாம் படியில் என்ன வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது, பத்தாம் படிக்கு எது பாதுகாப்போ அதைத்தான் போட்டோம். மீண்டும் கார்வோன் எடைபோட்டு, இந்த முறை 40 கிராமில் தொடங்கினேன். குடுவையைச் சுடரில் காய்ச்சி உலர்த்துவது, ஆர்கான் பலூன் கட்டுவது, உலர்பனியும் அசிட்டோனும் கலந்த குளிர்தொட்டியில் மைனஸ் 78 டிகிரியில் நிறுத்தித் துளித்துளியாக விடுவது எல்லாம் கைக்குப் பழகியிருந்ததால், மூன்றரை ஆண்டு வழியைப் பதினாறு மாதங்களில் நடந்தேன். புதிய காப்பை ஒரு வினை பொறுக்கவில்லை. அங்கே மட்டும் வழியை மாற்றியதில் ஒரு படி கூடியது.

அதற்குள் உதவித்தொகை நின்றுவிட்டது. 2014 ஜூலைக்குப் பிறகு கடைசி ஏழு மாதங்களுக்கான விடுதிச் செலவு ரப்பர் ஷீட் விற்ற பணத்தில்தான் நடந்தது. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த ஷீட் 2014 முடிவில் 150-க்கும் கீழே கிடந்தது. போனில் நான் தயங்கியபோது அப்பா, "மக்ளே, மழை வந்தா அன்னைக்குள்ள பாலு போச்சு. மறுநாளும் வெட்டத்தான செய்யோம்" என்றார்.

இறுதிப் பொருளாக 31 மில்லிகிராம் வந்தது. கடற்பஞ்சிலிருந்து பிரித்தவர்கள் வெளியிட்டிருந்த என்எம்ஆர் அளவீட்டின் பதினைந்து கார்பன் எண்களுக்கு எதிரே என் பதினைந்து எண்களை ஒவ்வொன்றாக எழுதினேன், எதிலும் 0.1 பிபிஎம்முக்கு மேல் வேறுபாடு இல்லை. ஒளிச்சுழற்சியின் குறியும் அவர்களுடையதைப் போல மைனஸ். அன்று இரவு நான் ஆய்வகத்திலிருந்து போகவில்லை. அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2015 பிப்ரவரியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்து வாய்மொழித் தேர்வு நடக்க நவம்பர் ஆகிவிட்டது. அதன்பின் ஜெர்மனியில் ஒன்றரை ஆண்டு. அங்கே கற்றவற்றில் பெரியது, எதையும் தொடங்குமுன் கடைசிப் படியை ஒரு மாதிரி மூலக்கூறில் செய்து பார்த்துவிடும் வழக்கம்.

திரும்பி வந்து வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் என்னிடம் நான்கே கட்டுரைகள் இருப்பது குறையாகத் தெரிந்தது. ஒரு நேர்காணலில், என்னோடு வந்திருந்தவருக்குப் பதினெட்டு இருக்கிறதே என்று நேராகவே கேட்டார்கள். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முழுத்தொகுப்பில் ஐந்தாண்டுகளுக்கு ஒரு பெரிய கட்டுரைதான் வரும் என்பது அந்த அறையில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். பின்னர் வந்த யுஜிசியின் 2018 விதிகளிலும், நேர்காணலுக்கு அழைப்பதற்கான அட்டவணை ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண் என்றுதான் எண்ணியது. படிகளை அது எண்ணவில்லை. மூன்றாவது நேர்காணலில், 2017 ஜூலையில், எங்கள் மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் பணி கிடைத்தது.

நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. எங்கள் தோட்டத்தில் பாதி மரங்கள் வேரோடு சாய்ந்தன. பத்து நாட்களுக்கு மேல் மின்சாரம் இல்லை. கல்லூரி உறைபெட்டியில் நான் சேர்த்து வைத்திருந்த ஆல்டிஹைடு இடைப்பொருள்கள் அனைத்தும் கெட்டுப்போயின. அதன்பிறகு வழி வகுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு மூன்று நான்கு படிகளுக்கும் ஓரிடத்தில், அறை வெப்பநிலையில் மாதக்கணக்கில் இருக்கக்கூடிய படிகப்பொருள் ஒன்று வரும்படி திட்டமிடுகிறேன். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்கிற மாவட்டத்தில், ஈரம் ஆகாத வினைகளைப் பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் ஒதுக்குகிறேன்.

தொடக்கப்பொருளையும் மாற்றினேன். எங்கள் மாவட்டத்து மாறாமலையில் விளையும் கிராம்பை நீராவியில் வடித்தால் வரும் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். 2021-இல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. யூஜினாலைப் பொட்டாசியம் பெர்ரிசயனைடு கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து டீஹைட்ரோடையூஜினால் உருவாகும். அதுவும் மரங்களில் இயற்கையாகக் கிடைப்பதுதான். ஆர்கான் வேண்டாம், குளிர்தொட்டி வேண்டாம். முதுகலை மாணவர்கள் கிராம்பிலிருந்து தொடங்கி ஒரு வாரத்தில் ஒரு இயற்கைச் சேர்மத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அங்கிருந்து மேலும் ஆறு படிகளில் அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு சேர்மத்துக்கு, நியோலிக்னான் ஒன்றுக்கு, போகும் வழியில் இப்போது நாங்கள் நான்காம் படியில் நிற்கிறோம். ஐந்தாவதை மாதிரி மூலக்கூறில் செய்து பார்த்தாயிற்று. என்எம்ஆர் எடுக்க வெளியே அனுப்பிய குப்பி திரும்பி வர இன்னும் இரண்டு வாரம் ஆகும்.