கத்திக்குப் பிடி போடுதல்

கையால் செய்த கத்தியை யாரிடம் கொடுத்தாலும் முதலில் அலகைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். செய்கிறவனின் கவலையெல்லாம் பிடியில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். எஃகு பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். 0.84 விழுக்காடு அளவுக்குக் கார்பன் உள்ள 1084 எஃகைச் சுமார் 815 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, பின் 200 டிகிரி அளவில் இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்தினால், எளிதில் நொறுங்காத, கூர் நிற்கும் அலகு கிடைத்துவிடும். மரமும் கொம்பும் எலும்பும் அப்படியல்ல. அறுத்துத் தீட்டி ஒட்டிய பிறகும் அவை காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், வறண்டால் சுருங்கும். அசையாத எஃகையும் அசைந்துகொண்டே இருக்கும் பொருளையும் ஒன்றாக நிற்க வைப்பதுதான் பிடி போடும் வேலை.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பச்சை மரம் முற்றிலும் காயும்போது நீளவாக்கில் பொதுவாக 0.1 அல்லது 0.2 விழுக்காடுதான் குறையும். வளர்ச்சி வளையங்களை ஒட்டிய அகலவாக்கிலோ பல மரங்களில் 6 முதல் 10 விழுக்காடு வரை குறைந்துவிடும். ஆகவே இழை பிடியின் நீளத்தோடு ஓடும்படி துண்டை அறுக்க வேண்டும். துண்டு காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்தும் எடை குறையாமல் நின்றால்தான் நான் அதில் அரத்தை வைப்பேன். வைரம் பாய்ந்த கருங்காலி, ஈட்டி போன்ற மரங்கள் இயல்பிலேயே அடர்த்தியானவை. மென்மையான முடிச்சு மரங்களுக்கு வெற்றிடத்தில் பிசினை ஏற்றி, சூட்டில் இறுக வைப்பது நல்ல வழி. எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த மரங்களில் அந்தப் பிசின் சரியாக இறங்காது.

எருமைக் கொம்பு நம் நகத்தையும் முடியையும் போலக் கெரட்டினால் ஆனது. உப்புத்தாளில் வேகமாகத் தேய்த்தால் முடி கருகும் நாற்றம் வரும். அது வந்தவுடன் கையை நிறுத்திவிட வேண்டும், சூடேறிய கொம்பு வளைந்துவிடும். மான் கொம்போ எலும்பு, ஆண்டுதோறும் உதிர்வது, உள்ளே பஞ்சு போன்ற சோறு இருக்கும். உதிர்ந்ததுதான் என்றாலும் சில நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். ஈட்டி சேர்ந்த தால்பெர்ஜியா பேரினமும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. அழகுக்காக இத்தகைய பொருளைத் தேடி அலைவது எனக்கு உடன்பாடில்லை. கணக்கோடு கிடைக்கும் மரத்திலேயே போதுமான அழகு இருக்கிறது. எதைத் தேய்த்தாலும் தூசியை உள்ளே இழுக்காதபடி நல்ல முகமூடி வேண்டும்.

அலகிலிருந்து பிடிக்குள் நீளும் எஃகுப் பகுதியான காம்புக்கு இரு பக்கமும் துண்டுகளை வைத்து ஒட்டுவதற்கு முன்பே, அலகைப் பார்த்திருக்கும் முன்முனையை முழுமையாக மெருகேற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே உப்புத்தாளைக் கொண்டுபோனால் அலகில் கீறல் விழும். உட்பக்கம் ஒளி புகாத அளவுக்குத் தட்டையாகவும், அதே சமயம் எபாக்சி பசை பற்றிக்கொள்ளச் சொரசொரப்பாகவும் இருப்பது அவசியம். இடுக்கியை ஓங்கி இறுக்குவதால் வலிமை கூடாது. பசை முழுவதும் வெளியே பிதுங்கி, நடுவில் வெறும் பரப்புதான் மிஞ்சும். பித்தளை ஆணிகளுக்கான துளைகளை மயிரிழை பெரிதாகப் போட்டால் பசைக்கும் இடம் கிடைக்கும், மரம் அசையவும் சற்று இடம் இருக்கும்.

பிடியை நான் உருண்டையாக விடுவதில்லை. முட்டை வடிவ வெட்டுமுகம் இருந்தால், பார்க்காமல் பிடித்தாலும் கூர் எந்தப் பக்கம் என்பது கைக்குத் தெரிந்துவிடும். யாருக்காகச் செய்கிறேனோ அவருடைய உள்ளங்கை அகலத்தை அளந்துகொள்வதோடு, அவர் கத்தியை எப்படிப் பிடிக்கிறார் என்றும் பார்த்துக்கொள்வேன். ஆள்காட்டி விரலை முதுகின்மேல் வைப்பவருக்கும் கட்டைவிரலால் அலகைக் கிள்ளிப் பிடிப்பவருக்கும் பிடி ஒன்றாக இருக்க முடியாது. 400 எண் உப்புத்தாள் வரை வந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் மர இழைகள் எழும்பும். காய்ந்த பின் அவற்றைத் தேய்த்து இறக்கிவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

கத்தியை வாங்கிக்கொள்பவரிடம் தண்ணீரில் ஊறவிடக் கூடாது என்று சொல்லிவிடுவேன். வறண்ட பருவத்தில் ஆணியின் தலையோ காம்பின் விளிம்போ விரலில் இலேசாகத் தட்டுப்பட்டால், அது மரம் சுருங்கியதன் அடையாளம். நுண்ணிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பும் துளி எண்ணெயும் அதற்குப் போதும்.