விழப்போகிற பல்லோடு பிரிட்டனுக்கு

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை நடந்தால் பல் கிளினிக் பலகைகளை எண்ணி மாளாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதால் ஏழு மணிக்கு டாக்டர் நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம். ஏற்காட்டு எஸ்டேட்டில் இருப்பவர்கள்கூட 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து, அன்றைக்கே வேலையை முடித்துக்கொண்டு மலையேறலாம். "விழுகிற பல்லுதானுங்களே, வலிச்சாப் பாத்துக்கலாம்" என்று அம்மாயிமார் சொல்வது வெறும் அலட்சியம் இல்லை. கூப்பிடு தூரத்தில் டாக்டர் இருக்கிறார் என்ற தைரியம் அது. பிரிட்டனுக்குக் குடிபோகும் குடும்பங்கள் அந்தப் பேச்சைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, டாக்டரை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகின்றன.

அங்கே 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசின் பொது மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்.-இல் பல் சிகிச்சை இலவசம். கிடைப்பதுதான் கஷ்டம். ஜி.பி. எனும் குடும்ப டாக்டரிடம் இருப்பது போல வீட்டு முகவரிக்கு இந்தக் கிளினிக் என்ற எல்லை பல்லுக்குக் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் "புது என்.ஹெச்.எஸ். நோயாளிகளை இப்போது சேர்ப்பதில்லை" என்ற பதில்தான் பல இடங்களில் வரும். சொத்தை முற்றி, நாலைந்து பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலைக்கு ஒரு சின்னக் குழந்தை வந்துவிட்டால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். 2001 முடிவோடு பல் கிளினிக்குகளில் முழு மயக்கம் கொடுப்பது பிரிட்டனில் நின்றுபோனது. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிதான், அங்கே மாதக்கணக்கில் காத்திருப்பு. இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் காரணங்களில் பல் சொத்தைதான் முதலிடம் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

விழுகிற பல் எப்போது விழுகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பால்பற்கள் மொத்தம் 20. ஆறாம் மாதவாக்கில் கீழ் முன்பல் எட்டிப் பார்க்கும், இரண்டரை மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் 6 முதல் 8 வயதில் ஆடி விழும். கடைவாய்ப் பால்பற்கள் 9 முதல் 12 வயது வரை நிற்கும். அதாவது மூன்று வயதில் சொத்தையாகும் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இன்னும் ஏழெட்டு வருட வேலை பாக்கி இருக்கிறது. அதன் கெட்டியான மேல்பூச்சான எனாமல், நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதி கனம்தான். உள்ளே நரம்பு அறையோ பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதனால்தான் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடுகிறது. வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலும் கெடலாம். சீக்கிரமே பிடுங்கிவிட்டாலோ பின்னால் இருக்கும் பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அடுத்து வரவேண்டிய பல் வழியில்லாமல் கோணலாக முளைக்கும்.

சொத்தை எங்கே தொடங்கும் என்பது ஏறக்குறைய தெரிந்த கதை. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். மேல் முன்பல் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக்கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அந்த நிலையில் எனாமலை உறுதியாக்கும் ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட்டும் பழக்க மாற்றமும் போதும், பல்லைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் திரும்பாது. கீழ் முன்பற்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். பாட்டில் உறிஞ்சும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, எச்சிலும் அங்கேதான் தேங்குகிறது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறையும் என்பதால் இரவு பாட்டிலுக்குத் தனிக் கெடுதல். நைட் டியூட்டி பார்க்கும் அம்மா, குளிர், புது வீடு, அழும் குழந்தை என்று அங்கே இரவு பாட்டிலுக்கு ஆயிரம் நியாயம் இருக்கும். அதை நிறுத்த முடியாவிட்டால் உள்ளே இருப்பதையாவது மாற்றுங்கள்: சர்க்கரைப் பாலிலிருந்து வெறும் பாலுக்கு, பிறகு வெறும் தண்ணீருக்கு. ஒரு வயது தாண்டினால் பாட்டிலை விட்டுத் திறந்த கப்புக்குப் பழக்குவதுதான் அங்கே சின்னக் குழந்தைகளை வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டரும் சொல்வார்.

ஊரிலிருந்து பார்சலில் போகும் நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் தேனும் "நல்ல இனிப்பு" என்ற பெயரில் தப்பித்துவிடுகின்றன. வாயில் இருக்கும் கிருமிக்கு வெல்லம், வெள்ளைச் சர்க்கரை என்ற பேதம் கிடையாது. எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைத் தின்கிறது. இனிப்பு உள்ளே போனபின் அந்தக் கிருமி உண்டாக்கும் அமிலம் அடங்க அரைமணி நேரம் வரை ஆகும், நடுவில் இன்னொரு வாய் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. சத்துமாவுக் கஞ்சியில் வெல்லம் போட்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்திருக்கும் பிள்ளை, கையில் உலர்திராட்சைப் பெட்டியோடு ஒரு மணி நேரம் சுற்றும் பிள்ளையைவிடத் தேவலை. சேலத்துத் தட்டுவடை செட் பல்லுக்கு எவ்வளவோ மேல். காய்ச்சல் சிரப் வாங்கும்போது "சுகர் ஃப்ரீ" என்று கேட்டு வாங்குங்கள், அங்கே கிடைக்கும்.

ஃப்ளோரைடு விஷயத்தில்தான் சேலத்துக்காரர்கள் அதிகம் குழம்புகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பக்கத்து தருமபுரி, கிருஷ்ணகிரிக்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. அந்தத் தண்ணீரால் காவி ஏறிய பற்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஃப்ளோரைடு என்றாலே பயந்து, லண்டனில் கடை கடையாக ஏறி "ஃப்ளோரைடு இல்லாத" பேஸ்ட் தேடுகிறார்கள். அங்கே நிலைமை தலைகீழ். இங்கிலாந்தில் பத்தில் ஒருவருக்குத்தான் ஃப்ளோரைடு சேர்த்த குழாய்த் தண்ணீர் கிடைக்கிறது. பர்மிங்காமில் 1964 முதல் சேர்க்கிறார்கள், லண்டனில் சேர்ப்பதில்லை. பல்லுக்கு வேண்டிய ஃப்ளோரைடு அங்கே பேஸ்ட்டிலிருந்துதான் வரவேண்டும்.

ஊர்ப் பேஸ்ட்டை மொத்தமாக வாங்கிப் பெட்டியில் அடைப்பதில் லாபமில்லை. இந்தியச் சட்டப்படி பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சம் பங்கில் 1000 பங்கு) தாண்டக்கூடாது, குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. பிரிட்டனில் சொல்வது: முதல் பல் வந்ததும் தொடங்கி மூன்று வயது வரை குறைந்தது 1000 பி.பி.எம்., ஓர் அரிசி அளவு தடவினால் போதும். 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. சொத்தை ஏற்கெனவே வந்த குழந்தைக்கு 1350 முதல் 1500 பி.பி.எம். எண் டியூபின் பின்பக்கம் இருக்கும், முன்பக்கத்து யானைப் படத்தை நம்ப வேண்டாம். ராத்திரி தூங்கும் முன் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை. காலையில் மட்டும் துலக்கும் நம் பழக்கத்தில் முக்கியமான வேளை விட்டுப்போகிறது. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொம்புத் தண்ணீரில் கொப்பளித்தால் பூசிய மருந்தைக் கழுவிவிட்டதுபோலத்தான். ஏழு வயது வரையாவது பெற்றவர்கள்தான் துலக்கிவிட வேண்டும். சின்னதுகளை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்தால் மேல் கடைவாய் வரை தெரியும்.

போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த குழந்தைக்கு ஒரு சங்கதி. நிரந்தர முன்பல்லின் மேற்பகுதி தாடைக்குள் உருவாவது முதல் மூன்று நான்கு வயதுக்குள். அப்போது ஏறிய கறை ஏழு வயதில் பல் வெளியே வரும்போதுதான் தெரியும், அதற்குள் குடும்பம் லீட்ஸிலோ கிளாஸ்கோவிலோ இருக்கும். எந்த ஊர்த் தண்ணீர், எத்தனை வயது வரை என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அது சொத்தையா, துலக்காத அழுக்கா என்ற கேள்வி வரும். தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

விசா வந்தபின் பல்லைப் பார்க்கலாம் என்று இருக்காமல் கிளம்ப இரண்டு மாதம் முன்பே காட்டுவது நல்லது. பல் அடைப்பது ஒரே நாளில் முடியும். நரம்புச் சிகிச்சை செய்து கேப் போட இரண்டு மூன்று தடவை போகவேண்டும். தெருவுக்குத் தெரு இருக்கும் கிளினிக்கைவிட, குழந்தைப் பல் பிரிவு தனியாக இருக்கும் சேலம் பக்கத்து அரியானூர்ப் பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடம் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சௌகரியம். எக்ஸ்ரே படத்தையும் எந்தப் பல்லுக்கு என்ன செய்தார்கள் என்ற சீட்டையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கிய வாரமே என்.ஹெச்.எஸ். இணையதளத்தில் சுற்றுவட்டாரக் கிளினிக்குகளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போன் போட வேண்டும். பெரியவர்களைச் சேர்க்காத கிளினிக்கும் சில சமயம் குழந்தையைச் சேர்க்கும், ஆகவே "குழந்தைக்கு மட்டும்" என்று தனியாகக் கேளுங்கள். வரிசையில் பெயர் போடச் சொல்லுங்கள். சேர்ந்தபின் மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது பல்லில் ஃப்ளோரைடு வார்னிஷ் தடவுவார்கள். அதில் 22,600 பி.பி.எம். இருக்கும். தடவியபின் அரைமணி நேரம் எதுவும் தரவேண்டாம். பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கடுமையான ஆஸ்துமாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைத்துவிட்டுப் போகாமல் இருப்பதை நம் ஊர்போல எடுத்துக்கொள்ளக்கூடாது. "குழந்தையை அழைத்து வரவில்லை" என்று குறித்து வைப்பார்கள், சொத்தையோடு அது திரும்பத் திரும்ப நடந்தால் குழந்தையைக் கவனிக்கிறார்களா என்ற விசாரணை வரை போகலாம்.

அங்கே பெற்றவர்கள் அதிகம் சண்டை போடுவது சொத்தைப் பல்லின்மேல் போடும் வெள்ளி நிற மூடிக்கு. ஹால் முறை என்பார்கள். ஊசி இல்லை, துளைப்பது இல்லை. பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைத்து மூன்று முதல் ஐந்து நாள் கழித்து அதை எடுத்துவிட்டு, சொத்தையைச் சுரண்டாமலே அதன்மேல் ஸ்டீல் மூடியைச் சிமென்ட்டோடு அழுத்திவிடுவார்கள். "சொத்தையை உள்ளேயே வைத்து மூடிட்டாங்க" என்று ஊருக்குப் போன் வரும். உள்ளே மாட்டிய கிருமிக்குச் சர்க்கரை போகாது, சொத்தை அப்படியே நின்றுவிடும். நரம்பு கெடாத கடைவாய்ப் பல்லுக்குத்தான் இது. முதல் நாள் ஈறு வெளுத்திருக்கும். கடி உயர்ந்தாற்போல் இருப்பது சில வாரங்களில் தானாகச் சரியாகும். பல் விழும்போது மூடியும் சேர்ந்தே விழும்.

ஈறில் பருபோல் ஒரு கொப்புளம் வந்து உடைந்து, வலியும் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். சீழ் வழி கண்டுபிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் வீக்கத்தை அடக்கும், காரணத்தை எடுக்காது. வலிக்கு என்.ஹெச்.எஸ். உதவி எண்ணான 111-ஐக் கூப்பிடலாம். முகம் வீங்கி, காய்ச்சல் அடித்து, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டால் நேராக ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவான ஏ அண்ட் ஈ. விளையாட்டில் அடிபட்டுப் பால்பல் பிடுங்கிக்கொண்டு வந்தால் அதைத் திரும்பச் சொருகக் கூடாது, அடியில் இருக்கும் பல் கெடும். நிரந்தரப் பல் என்றால் பாலில் போட்டு உடனே ஓட வேண்டும்.

முதல் பல் ஆடும் வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையணைக்கடியில் பல்லை வைத்துக் காசு வாங்கிய கதையைச் சொல்வார்கள், கூரைமேல் வீசும் நம் வழக்கம் ஏழாவது மாடி ஃப்ளாட்டில் எப்படியும் நடக்காது. அந்தக் கலாட்டாவில் பின்னால் நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் சத்தமில்லாமல் முளைக்கும். அவை பால்பல் அல்ல, ஆயுசுக்கும் அவைதான். பாதி முளைத்து ஈறுக்குள் பள்ளமாக இருப்பதால் பிரஷ் மேலே படாமலே போகும். பிரஷ்ஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக விட்டால்தான் படும். முழுசாக வந்ததும் பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் போடலாமா என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்.