காலை மருந்துக்கு முன்பா, பின்பா?

சிறுநீரகம் இரத்தப் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்றால் என்ன, அதற்குக் கொடுக்கும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு பிள்ளையின் முகத்தை எப்படி உப்ப வைக்கும் என்பதெல்லாம் இதைப் படிக்கிற பெற்றோருக்குத் தெரிந்ததுதான். என் மகனுக்கும் இந்த நோய்தான்; ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் சிறுநீரில் புரதம் திரும்பிவந்தது. அதனால் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தையும் சேர்த்தார்கள். மருந்து பழகுவதில் தொல்லை இல்லை. இரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பதற்குள்தான் எங்களைப் படாதபாடு படுத்திவிட்டார்கள்.

இந்தச் சோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டியது, முந்தைய வேளை மருந்து கொடுத்து 12 மணி நேரம் ஆன பிறகு, அடுத்த வேளை கொடுப்பதற்குச் சற்று முன்பு. உடம்பில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது. எங்களுக்குச் சொல்லப்பட்ட இலக்கு மில்லிலிட்டருக்கு 5 முதல் 8 நானோகிராம். ஆனால் நேரத்தைப் பற்றி முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. நானேதான் முன்பதிவு மேசையில் கேட்டேன், காலை மருந்தைக் கொடுத்துவிட்டு வரலாமா என்று. “வழக்கம்போல எல்லாவற்றையும் கொடுத்து அழைத்து வாருங்கள் சார், இதற்கு வெறும் வயிறெல்லாம் வேண்டாம்” என்றார் அந்தப் பெண், அவ்வளவு உறுதியாக.

அளவு 15 என்று வந்தது. பணியிலிருந்த இளம் டாக்டர் அந்த எண்ணைப் பார்த்து மிரண்டு மருந்தைப் பாதியாகக் குறைத்தார். கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. அடுத்த வாரங்களில் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டை மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போனது, அதாவது புரதம் திரும்பிவிட்டது. தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ். மறுபடி முழு அளவு ஸ்டீராய்டு, மறுபடி வீங்கிய கண்கள், பள்ளிக்கு விடுப்பு.

சிறுநீரகச் சிறப்பு டாக்டர் விடுப்பு முடிந்து வந்து கோப்பைப் புரட்டியதும் முதலில் கேட்டது நேரத்தைத்தான். நான் சொன்னதும் அறிக்கையை மூடி மேசைமேல் போட்டார். “இந்த எண்ணை வைத்து யாரும் எதையும் முடிவு செய்திருக்கக் கூடாது.”

சரி, இம்முறை நேரம் பிசகாமல் போனோம். மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரத்தம் எடுத்த கையோடு கொடுத்தேன். மறுநாள் ஆய்வகத்திலிருந்து போன்: மாதிரி செல்லாதாம். டாக்ரோலிமஸ் பெரும்பாலும் சிவப்பணுக்களுக்குள் தங்குகிற மருந்து. அதனால் உறையாத முழு இரத்தம் வேண்டும், அதற்கு ஊதா மூடிக் குழாய். எடுத்தவர் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்துவிட்டார். ஊசிக்கு அழுத பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? இப்போது குழாயின் மூடியை நானே பார்த்த பிறகுதான் மகன் கையை நீட்டுகிறான். முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.

இதற்கு நடுவில் அக்காவின் மீன் எண்ணெய். அவனுடைய கொலஸ்ட்ரால் அறிக்கை எப்படியோ அவள் கண்ணில் பட்டுவிட்டது. “தம்பி, இத்தனை மாத்திரை எதற்கடா? ஒமேகா 3 கொடு, கொழுப்பும் குறையும், சிறுநீரகமும் தேறும்” என்று ஒரு கட்டுரையையும் அனுப்பினாள். டாக்டரிடமே காட்டினேன். கட்டுரை சொன்னது 1994இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக் குழு வெளியிட்ட ஆய்வை: 106 பேருக்கு இரண்டு ஆண்டுகள், மீன் எண்ணெய் கொடுத்தவர்களுக்குத் தினமும் 12 கிராம். பலன் தெரிந்தது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு இருந்தது ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய், என் மகனுக்கு இருப்பது வேறு நோய். அந்த ஐஜிஏ நோயிலும், குழந்தைகளையும் இளைஞர்களையும் வைத்துச் செய்து 2006இல் வந்த ஆய்வில், ஒமேகா 3 வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. கொழுப்பு ஏறியதற்கு டாக்டர் சொன்ன காரணம் வேறு. ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் சிறுநீரில் போகப் போக, அதை ஈடுகட்டக் கல்லீரல் கொழுப்புப் புரதங்களையும் சேர்த்து அதிகமாகத் தயாரிக்கிறது. புரதம் நின்றால் கொலஸ்ட்ராலும் இறங்கும். எங்களுக்கு அப்படியே இறங்கியது. அக்கா வாங்கி வந்த புட்டியைத் திருப்பிப் பார்த்தால் அது காட் மீனின் ஈரல் எண்ணெய், வைட்டமின் ஏ, டி இரண்டும் அடங்கியது. வைட்டமின் டி ஏற்கெனவே தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அக்காவுக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

இருமலுக்கு வேறொரு டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினார். டாக்ரோலிமஸ் கொடுப்பதை முன்பே சொல்லியிருந்தும் எழுதினார். மருந்துக் கடையில் நின்றபடியே சிறுநீரகப் பிரிவுக்குப் போன் செய்தேன். வேண்டவே வேண்டாம், அது டாக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும் என்று மாற்றிக்கொடுத்தார்கள். கடும் வயிற்றுப்போக்கிலும் அளவு ஏறுமாம், அப்போதும் கூப்பிடச் சொன்னார்கள். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் பக்கமே போகக் கூடாது. உயிருள்ள கிருமித் தடுப்பூசி எதையும் கேட்காமல் போடக் கூடாது.

இப்போது சோதனைச் சீட்டிலேயே கடைசி வேளை கொடுத்த நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். அண்மையில் வந்த அளவு 6.4. ஸ்டீராய்டு ஒரு நாள் விட்டு ஒரு நாளாகியிருக்கிறது, பட்டையும் மஞ்சளாகவே இருக்கிறது.