கேமை முடிவு செய்த பிறகே பிஸ்டன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யமஹா ஒய்15 மோட்டார்சைக்கிளை வேகமாக்க விரும்பும் தம்பிகள் பெரும்பாலும் 62 மி.மீ. பிஸ்டனை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு எந்தக் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் என்ஜின் தண்டு) போடலாம் என்று பிறகு கேட்கிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எந்தச் சுற்றுவேகத்தில் இழுவை வேண்டும் என்று தீர்மானித்து, அதற்கேற்ற கேமையும், அந்தக் கேமின் அசைவை வால்வு பின்தொடரச் செய்யும் ஸ்பிரிங்கையும் தேர்ந்த பிறகே பிஸ்டனுக்கு வர வேண்டும்.

கேமின் திறப்புக் காலம் நீண்டால், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு திறந்தே இருக்கும். அதிவேகத்தில் உள்ளே பாயும் காற்று தன் உந்துதலால் சிலிண்டரை மேலும் நிரப்பும். குறைவேகத்திலோ அதே காற்று வந்த வழியே திரும்பிவிடும். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை லாரியின் பின்னால் ஊர்ந்து ஈப்போ சாலைக்கு வருபவருக்கு, நிமிடத்துக்கு 9,000 சுற்றைத் தாண்டினால்தான் உயிர்பெறும் கேம் வெறும் தொல்லை. கம்பெனி கேமே 7,000 சுற்றில்தான் உச்ச இழுவையைத் தருகிறது என்பதையும் நினைவில் வைக்கலாம். இரண்டு கேம்களை ஒப்பிடும்போது, திறப்புக் காலத்தைக் குறிக்கும் இரண்டின் பாகையும் ஒரே வால்வு உயர்வில் அளக்கப்பட்டதா என்று பாருங்கள். ஒன்று 1 மி.மீ. உயர்விலும் மற்றொன்று திறக்கத் தொடங்கும் புள்ளியிலும் அளக்கப்பட்டிருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

9,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் கேமை விட்டு விலகி, வால்வு தாமதமாக மூடித் துள்ளும். அதற்காகக் கடையில் இருப்பதிலேயே கடினமானதைப் போட்டால் கேமும் ராக்கரும் தேயும். முழு உயர்வில் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல், மொத்தமாக 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். ஸ்பிரிங்கின் மேல்தட்டு வால்வு சீலில் இடிக்கவும் கூடாது.

இனி பிஸ்டன். பெட்டியில் ‘ஃபோர்ஜ்டு’ (வார்க்காமல் அழுத்தி உருவாக்கியது) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், ஒய்15இல் கம்பெனி பிஸ்டனே அப்படிப்பட்டதுதான். உண்மையான கேள்வி அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது. 57 மி.மீ. பிஸ்டனும் 58.7 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 149.8 சிசி தருகின்றன, விகிதம் 10.4 என்பதால் எரியறையின் அளவு சுமார் 16 சிசி. அந்த அறையை மாற்றாமல் 62 மி.மீ. பிஸ்டனைப் போட்டால் 177 சிசி கிடைக்கும், ஆனால் விகிதம் 12ஐத் தாண்டும். ரோன் 95 பெட்ரோல் ஊற்றி ஓடும் வண்டிக்கு இது தட்டலை (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவதை) வரவழைக்கும் அளவு; தலையில் குழிவுள்ள பிஸ்டனே பொருத்தம். (கொள்ளளவை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும் என்பது தனி விஷயம்.) உலோகமும் முக்கியம்: 2618 என்ற அலுமினியக் கலவை தட்டலைத் தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரிவதால் கூடுதல் இடைவெளி கேட்கும், காலையில் குளிர்ந்த என்ஜினில் சத்தமும் போடும். சிலிக்கான் மிகுந்த 4032 அன்றாட ஓட்டத்துக்கு அமைதியானது.

மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் களிமண்தான் காட்டும். பிஸ்டன் தலையிலுள்ள வால்வுப் பள்ளங்களில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, மேலே சிறிது எண்ணெய் தடவி, கேஸ்கெட்டுடன் ஹெட்டை (சிலிண்டரின் மூடியை) முறுக்கி, கேமும் கிராங்கும் சுழலும் பொருத்தமான டைமிங்கைச் சரியாக வைத்து, பிஸ்டனை இயக்கும் தண்டான கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு கழற்றி, பதிந்த களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். கார் என்ஜின் கட்டுவோர் இன்லெட் வால்வுக்கு 2 மி.மீ., புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் வால்வுக்கு 2.5 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம்; மேலேறும் பிஸ்டன் மூடிக்கொண்டிருக்கும் எக்சாஸ்ட் வால்வைத் துரத்துவதால் அங்கே கூடுதல் இடம் தேவை. சிறிய மோட்டாருக்குக் கேம் தயாரிப்பாளர் தரும் அளவையே பின்பற்றுங்கள். இடம் போதவில்லையென்றால் பள்ளத்தை ஆழப்படுத்தலாம், ஆனால் பிஸ்டன் தலை மெலியும். நானாக இருந்தால் ஒரு படி சிறிய கேமை வாங்குவேன்.